கோட்ல எழுதுற ஸ்ட்ரிங் கம்பைல் ஆனப்புறம் எங்க போய் உக்காருது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீம்ல புதுசா வர்றவங்க எல்லாரும் மாத்தி மாத்தி இதே சந்தேகத்தத்தான் கேக்குறாங்க, நானும் ஒவ்வொரு தடவையும் சாட்ல டைப் பண்ணி டைப் பண்ணி கை வலிச்சுப் போச்சு. அதான் ஒரே இடத்துல எழுதி வெக்கிறேன். பெரும்பாலும் சி, சி++ தான், மத்த மொழி பத்தி பின்னாடி கொஞ்சம் வரும். கேள்விகள கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டுருக்கேன்.

டபுள் கோட்ஸ்குள்ள எழுதுற வார்த்தை எங்க ஸ்டோர் ஆகுது? வேரியபிள்குள்ளயா?

இல்ல. முக்கால்வாசி குழப்பத்துக்கு இந்த நெனப்புதான் காரணம். நீங்க எழுதின எழுத்துக்கள கம்பைலர் (நம்ம கோட மெஷின் ஓட்டுற ஃபைலா மாத்துற புரோகிராம்) பைட்டா மாத்தி எக்ஸிக்யூட்டபிள் ஃபைலுக்குள்ளயே ஒரு தனிப் பகுதில எழுதி வெச்சிடும். லினக்ஸ்ல அந்தப் பகுதிக்கு ரோடேட்டான்னு பேரு, படிக்க மட்டும் உள்ள டேட்டான்னு அர்த்தம். விண்டோஸ்ல ஆர்டேட்டா, மேக்ல சி-ஸ்ட்ரிங்னு ஒரு செக்‌ஷன். பேருதான் வேற, விஷயம் ஒண்ணுதான்.

கேர் ஸ்டார்னு எழுதுற பாயிண்டர் வேரியபிள்ல இருக்கிறது வெறும் அட்ரஸ், 64 பிட் மெஷின்ல 8 பைட். புரோகிராம் ஓடும்போது எந்த அட்ரஸ்ல லோட் ஆகும்னு கம்பைலருக்குத் தெரியாது, அதனால இப்போ வர்ற பைனரிகள்ல "இந்த இன்ஸ்ட்ரக்‌ஷன்ல இருந்து இத்தன பைட் தள்ளி அந்த ஸ்ட்ரிங் இருக்கு"ன்னு தூரக் கணக்கா எழுதி வெச்சிருக்கும்.

"வணக்கம்" அஞ்சு எழுத்துதானே, எத்தன பைட்னு பாக்க சைஸ்ஆஃப் போட்டா 22 வருதே?

நமக்குத்தான் அஞ்சு எழுத்து. யூனிகோட் கணக்குல வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளின்னு ஏழு. யூனிகோட் குறிய பைட்டா மாத்துற யூடிஎஃப்-8 முறைல தமிழ் குறி ஒவ்வொண்ணும் 3 பைட், ஆக 21, கடைசில ஸ்ட்ரிங் முடிஞ்சுதுன்னு சொல்ற சீரோ பைட் ஒண்ணு, மொத்தம் 22. ஸ்ட்ரிங் நீளம் பாக்குற ஃபங்ஷன் அந்த சீரோவ எண்ணாது, 21ன்னு சொல்லும்.

ஹெக்ஸ் டம்ப்ல (ஃபைல்ல இருக்கிற பைட்ட நம்பரா காட்டுறது) பாத்தா முதல் எழுத்து வ, டெசிமல்ல சொன்னா 224, 174, 181ன்னு இருக்கும். தமிழ் எழுத்து எல்லாமே 224ல ஆரம்பிக்கும், ரெண்டாவது பைட் 174 இல்லன்னா 175. இது பழகிட்டா டம்ப்ல தமிழ் எங்க இருக்குன்னு பாத்த உடனே புடிச்சிடலாம். கோட்ஸுக்கு முன்னாடி எல் போட்டு வைட் ஸ்ட்ரிங்கா எழுதினா கணக்கு மாறிடும், லினக்ஸ்ல ஒரு குறிக்கு 4 பைட், விண்டோஸ்ல 2. அதே வணக்கம் லினக்ஸ்ல 32 பைட், விண்டோஸ்ல 16 பைட்.

கேர் ஸ்டார் போடுறதும் கேர் அர்ரே போடுறதும் ஒண்ணுதானே? ரெண்டும் பிரிண்ட் ஆகுதே?

பிரிண்ட் ஆகும், ஆனா ஒண்ணு இல்ல. கேர் ஸ்டார்னா ரோடேட்டால இருக்கிற ஒரிஜினலோட அட்ரஸ வாங்கி வெச்சிக்கிறீங்க. ஸ்கொயர் பிராக்கெட் போட்டு அர்ரேன்னு எழுதினா உங்களுக்குன்னு தனியா ஒரு காப்பி. குளோபல் அர்ரேவா இருந்தா அது எழுதக்கூடிய டேட்டா பகுதில நேரா போய் உக்காந்துடும், ஃபங்ஷனுக்குள்ள இருந்தா ஒவ்வொரு தடவ ஃபங்ஷன் கூப்பிடும்போதும் ஸ்டாக்ல (ஃபங்ஷன் ஓடுற வரைக்கும் மட்டும் இருக்கிற மெமரி) புதுசா காப்பி ஆகும். சைஸ்ஆஃப் கேட்டுப் பாருங்க, பாயிண்டர் 8ன்னு சொல்லும், அர்ரே 22ன்னு சொல்லும்.

அண்ணா, லிட்டரல்ல ஒரே ஒரு எழுத்த மாத்தினேன், செக்மென்டேஷன் ஃபால்ட் அடிக்குது. கம்பைலர் வார்னிங் கூட குடுக்கல, அப்புறம் எப்படி தப்பு?

தப்புதான். லிட்டரல்னா கோட்ல கோட்ஸ்குள்ள நேரா எழுதின ஸ்ட்ரிங். சி ஸ்டாண்டர்ட் படி லிட்டரல மாத்த முயற்சி பண்ணா என்ன நடக்கும்னு வரையறையே கிடையாது. நடைமுறைல என்ன ஆகுதுன்னா, ரோடேட்டா இருக்கிற மெமரி பேஜ "படிக்கலாம், எழுதக்கூடாது"ன்னு சொல்லித்தான் ஓஎஸ் மேப் பண்ணும், நீங்க எழுதப் போனா பிராசஸர் தடுத்து ஓஎஸ்கிட்ட சொல்லும், ஓஎஸ் உங்க புரோகிராம கொன்னுடும்.

வார்னிங் ஏன் வரலன்னா, சி மொழில லிட்டரலோட டைப் வெறும் கேர் அர்ரே, கான்ஸ்ட் (மாத்தக்கூடாதுன்னு சொல்ற வார்த்தை) கிடையாது. கான்ஸ்ட்ங்கிற வார்த்தையே மொழிக்குள்ள வர்றதுக்கு முன்னாடி எழுதின கோட் மலை மாதிரி கெடந்துச்சு, 1989ல ஸ்டாண்டர்ட் போடும்போது அதெல்லாம் உடையக்கூடாதுன்னு டைப்ப அப்படியே விட்டுட்டாங்க. அந்தக் காலத்துல லிட்டரல மாத்தி எழுதுற புரோகிராம் சகஜம். ஜிசிசி கம்பைலர்ல அதுக்குன்னே ரைட்டபிள் ஸ்ட்ரிங்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருந்துச்சு, 4.0 வெர்ஷன்ல தூக்கிட்டாங்க. இப்போ ரைட்-ஸ்ட்ரிங்ஸ்னு ஒரு வார்னிங் ஆப்ஷன் இருக்கு, சி-ல அத நாமளாதான் ஆன் பண்ணணும், தயவுசெஞ்சு பண்ணுங்க. சி++ல 1998ல வந்த முதல் ஸ்டாண்டர்ட்ல இருந்தே கான்ஸ்ட் தான், சி++11ல இருந்து சாதா கேர் ஸ்டார்ல லிட்டரல வெக்கிறதே செல்லாது.

நான் ஒரு தடவ நல்லா அடிபட்டேன். லைன் கடைசில இருக்கிற நியூலைன வெட்டி அந்த இடத்துல சீரோ வெக்கிற சின்ன ஃபங்ஷன் ஒண்ணு, டெஸ்ட் எல்லாம் பாஸ், ஏன்னா டெஸ்ட்ல எல்லா இடத்துலயும் அர்ரே குடுத்திருந்தேன். வேற ஒருத்தர் அதுக்கு நேரா லிட்டரல குடுத்தாரு, அதுலயும் நியூலைன் இருந்தா மட்டும்தான் கிராஷ், இல்லாத ஸ்ட்ரிங் வந்தா ஃபங்ஷன் எதையும் எழுதாம திரும்பிடுதா, அதனால பத்துல ஒரு தடவதான் விழும். ரெண்டு நாள் போச்சு. பாராமீட்டர்ல கான்ஸ்ட் போடலாமா வேணாமான்னு அன்னிக்கே யோசிச்சிருந்தா ரெண்டு நிமிஷம்.

ஃபங்ஷன்ல இருந்து லிட்டரல ரிட்டர்ன் பண்ணலாமா? லோக்கல் வேரியபிள் அட்ரஸ ரிட்டர்ன் பண்ணக்கூடாதுன்னு சொல்லுவாங்களே?

தாராளமா பண்ணலாம். லிட்டரல் லோக்கல் இல்ல, புரோகிராம் முடியுற வரைக்கும் அது அதே இடத்துலதான் இருக்கும். ஃபங்ஷனுக்குள்ள அர்ரேவா வெச்சு அதோட அட்ரஸ ரிட்டர்ன் பண்ணாதான் வம்பு, அது ஸ்டாக்ல இருக்கிற காப்பி, ஃபங்ஷன் முடிஞ்சதும் போயிடும்.

ஒரே எரர் மெசேஜ நூறு இடத்துல எழுதிருக்கேன். பைனரில நூறு காப்பி இருக்குமா?

பெரும்பாலும் ஒண்ணுதான் இருக்கும். ஒரே சோர்ஸ் ஃபைலுக்குள்ள ஒரே லிட்டரல் திரும்பத் திரும்ப வந்தா கம்பைலரே ஒண்ணாக்கிடும். வேற வேற ஃபைல்ல இருந்தா லிங்கர் (கம்பைல் ஆன ஃபைல்கள சேத்து ஒரே பைனரியாக்குற புரோகிராம்) ஒண்ணாக்கும். லினக்ஸ் பைனரியோட எல்ஃப் ஃபார்மட்ல இதுக்குன்னு ரெண்டு குறிப்பு இருக்கு, இந்த செக்‌ஷன்ல இருக்கிறத மெர்ஜ் பண்ணலாம்னு ஒண்ணு, உள்ள இருக்கிறது சீரோல முடியுற ஸ்ட்ரிங்னு இன்னொண்ணு. ரெண்டையும் பாத்தா லிங்கர் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கா பிரிச்சு, இரட்டையா இருக்கிறத தூக்கிடும். விண்டோஸ் பக்கம் விஷுவல் சி++ல இதுக்கு ஸ்ட்ரிங் பூலிங்னு பேரு.

எனக்கு ரொம்பப் புடிச்சது இதுக்கு அடுத்த ஸ்டெப். "பனைமரம்"னு ஒரு ஸ்ட்ரிங், "மரம்"னு இன்னொரு ஸ்ட்ரிங் இருக்குன்னு வெச்சுக்கோங்க. பனைமரம் 21 பைட்டும் ஒரு சீரோவும். மரம் 12 பைட்டும் ஒரு சீரோவும். முதல் ஸ்ட்ரிங்ல பனைங்கிற 9 பைட்ட தாண்டினா அதுக்கப்புறம் இருக்கிறது அச்சு அசலா ரெண்டாவது ஸ்ட்ரிங், சீரோ உட்பட. அப்போ மரத்துக்கு எதுக்கு தனி இடம், பனைமரம் ஆரம்பிக்கிற அட்ரஸ்ல 9 கூட்டினா வேலை முடிஞ்சுது. நெறைய லிங்கர்கள் இத செய்யும், சிலதுல ஆப்டிமைசேஷன் லெவல ஏத்தினாதான் செய்யும்.

ஆனா "பனை"ய இப்படி ஒட்டிக்க முடியாது. பனைக்கு அப்புறம் சீரோ இருக்கணும், அங்க ம இருக்கு. வால் பக்கம் பங்கு போடலாம், தலைப் பக்கம் முடியாது, சி ஸ்ட்ரிங்ல.

அப்படின்னா ரெண்டு லிட்டரல ஈக்வல் ஈக்வல் போட்டு கம்பேர் பண்ணலாம்ல? என் மெஷின்ல சரியா வருது.

சரியா வர்றதுதான் ஆபத்து. ஈக்வல் ஈக்வல் கம்பேர் பண்றது அட்ரஸ. மேல சொன்ன மாதிரி மெர்ஜ் ஆனா அட்ரஸ் ஒண்ணு, ஆகலன்னா வேற, மெர்ஜ் பண்ணியே ஆகணும்னு ஸ்டாண்டர்ட் எங்கயும் சொல்லல. ஆப்ஷன் ஒண்ணு மாத்தினாலோ, ஒரு ஸ்ட்ரிங் ஷேர்டு லைப்ரரிக்குள்ள போனாலோ கதை மாறிடும். ரெண்டு லைப்ரரில இருக்கிறத லிங்கர் ஒண்ணாக்க முடியாதுங்க, அது ரெண்டும் தனித்தனி ஃபைல்.

ஜாவால ஒரே மாதிரி லிட்டரல் எல்லாம் ஒரே ஆப்ஜெக்ட்டா இருந்தாகணும்னு மொழியே கட்டாயம் பண்ணிருக்கு. ஆனா யூசர் டைப் பண்ணது, ஃபைல்ல படிச்சது, ரன் ஆகும்போது ஒட்டினது எதுக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது. அதனால அங்கயும் ஈக்வல்ஸ் மெத்தட்தான்.

பைனரி மேல ஸ்ட்ரிங்ஸ் கமாண்ட் ஓட்டினேன், இங்கிலீஷ் எல்லாம் வருது, தமிழ் ஒண்ணு கூட காணோம். கம்பைலர் தமிழ தூக்கிடுச்சா?

தூக்கல, அங்கயேதான் இருக்கு. அந்த கமாண்ட் சாதாரணமா ஆஸ்கி எழுத்து (இங்கிலீஷ் எழுத்து, எண், குறிகள்) தொடர்ச்சியா குறைஞ்சது நாலு இருந்தாதான் காட்டும். நம்ம பைட் எல்லாம் 127க்கு மேல, அதுக்கு அது குப்பை. மைனஸ் இ ஆப்ஷன் குடுத்து பக்கத்துல பெரிய எஸ் போடுங்க, 8 பிட் பைட்டையும் எழுத்தா எடுத்துக்கும், டெர்மினல் யூடிஎஃப்-8ல இருந்தா தமிழ் தெரியும், கூட கொஞ்சம் குப்பையும் வரும்.

விண்டோஸ்ல விஷுவல் சி++ வெச்சு கம்பைல் பண்ணவங்களுக்கு மட்டும் நெஜமாவே தமிழ் காணாமப் போக வாய்ப்பு இருக்கு. அது லிட்டரல சிஸ்டத்தோட கோட் பேஜுக்கு (எந்த எழுத்துக்கு எந்த பைட்னு சொல்ற பட்டியல்) மாத்தப் பாக்கும், அந்த கோட் பேஜ்ல தமிழே இல்லன்னா ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி எழுதி வெச்சிடும், அதாவது ஃபைல்லயே 63, 63, 63ன்னு. அதுக்கப்புறம் ஃபான்ட்ட மாத்தி பிரயோஜனம் இல்ல. யூடிஎஃப்-8 ஆப்ஷன குடுத்து திரும்ப கம்பைல் பண்ணுங்க. ஜிசிசில யூடிஎஃப்-8 தான் டிஃபால்ட், அங்க இந்தத் தொல்லை இல்ல.

தமிழ் சரி, என்னோட சில இங்கிலீஷ் ஸ்ட்ரிங்கும் தேடினா கெடைக்கலையே? ஒண்ணு துண்டு துண்டா வேற இருக்கு.

இதுக்கு நாலஞ்சு காரணம் உண்டு, அடிக்கடி பாக்குறத சொல்றேன். பிரிண்ட்எஃப்ல வெறும் ஒரு மெசேஜும் கடைசில நியூலைனும் மட்டும் இருந்தா ஜிசிசி அத புட்ஸ் ஃபங்ஷனா மாத்திடும். புட்ஸ் தானே நியூலைன் போடும், அதனால பைனரில இருக்கிற ஸ்ட்ரிங்ல நியூலைன் இருக்காது. இன்னொண்ணு, ஒரு ஸ்ட்ரிங்கோட நீளத்த மட்டும் கேட்டிருந்தா கம்பைலர் அப்பவே எண்ணி நம்பரா போட்டுட்டு ஸ்ட்ரிங்கையே விட்டுடும்.

துண்டு துண்டா வர்றதுதான் சுவாரசியம். லோக்கல் அர்ரேல சின்ன ஸ்ட்ரிங்க வெச்சா, ரோடேட்டால ஒண்ணு வெச்சு காப்பி பண்றதுக்கு பதிலா கம்பைலர் அந்த எழுத்துக்களையே ஒரு 8 பைட் நம்பரா இன்ஸ்ட்ரக்‌ஷனுக்குள்ள பொதிச்சு ரெஜிஸ்டர் வழியா ஸ்டாக்ல எழுதிடும். அப்போ ஸ்ட்ரிங் இருக்கிறது டேட்டா பகுதில இல்ல, கோட் பகுதில, எட்டு எட்டு பைட்டா. சில துண்டு கடைசில சம்பந்தமே இல்லாம ஒரு பெரிய எச் ஒட்டிட்டு இருக்கும் பாருங்க, அது உங்க எழுத்து இல்ல, அடுத்த 64 பிட் இன்ஸ்ட்ரக்‌ஷனோட முதல் பைட். அதோட மதிப்பு 72, ஆஸ்கில 72ன்னா பெரிய எச்.

பாஸ்வேர்ட கோட்லயே வெச்சிட்டு பைனரிய ஸ்ட்ரிப் பண்ணிட்டா யாருக்கும் தெரியாதுல்ல?

தெரியும். ஸ்ட்ரிப் தூக்குறது ஃபங்ஷன் பேரு, டீபக் தகவல் இதெல்லாம். லிட்டரல் புரோகிராம் ஓடுறதுக்கே வேணும், அத எப்படி தூக்கும்? மேல சொன்ன கமாண்ட் ஒரு வரில காட்டிக் குடுத்துடும். எக்ஸ்ஓஆர் போட்டு பைட்ட மாத்தி மறைச்சாலும் ஓடும்போது மெமரில பிரிஞ்சுதானே ஆகணும், டீபக்கர் போட்டா முடிஞ்சுது. ரகசியத்த பைனரிக்குள்ள வெக்காதீங்க, இதுல மாற்றுக் கருத்தே இல்ல.

கண்ணுக்கு ரெண்டு ஸ்ட்ரிங்கும் ஒண்ணாதான் இருக்கு, கம்பேர் பண்ணா வேறன்னு சொல்லுது, மெர்ஜும் ஆகல. பேய் புடிச்ச மாதிரி இருக்கு.

அதுல கொ, கோ, கௌ மாதிரி எழுத்து இருக்கான்னு பாருங்க. "கொ"வ யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம். க போட்டு ஒகரக் குறி ஒண்ணே ஒண்ணு வெச்சா 6 பைட். க போட்டு ஒற்றைக் கொம்பு தனியா, கால் தனியா வெச்சா 9 பைட். திரையில ரெண்டும் ஒண்ணு, ரெண்டும் சமம்னு யூனிகோடே சொல்லுது. ஆனா கம்பைலர் லிட்டரலுக்குள்ள எதையும் நார்மலைஸ் (ஒரே வடிவத்துக்கு மாத்துறது) பண்ணாது, எடிட்டர் என்ன பைட் எழுதுச்சோ அது அப்படியே பைனரிக்கு போகும். கம்பேர் ஃபங்ஷனும் பைட்டதான் பாக்குது. ரெண்டு பேர் ரெண்டு கீபோர்ட்ல டைப் பண்ணா இது நடக்கும், இல்லன்னா பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்ணா நடக்கும். சைஸ்ஆஃப் போட்டுப் பாருங்க, 3 பைட் வித்தியாசம் வந்தா இதுதான். யூசர் இன்புட்ட கம்பேர் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஒரே வடிவத்துக்கு கொண்டு வந்துடுங்க.

சி++ ஸ்ட்ரிங் கிளாஸ், ஜாவா, ரஸ்ட், கோ இதுலலாம் இதே கதைதானா?

அடிப்படை அதேதான், பைட் ஃபைலுக்குள்ள இருக்கும். சி++ ஸ்ட்ரிங் கிளாஸ்ல லிட்டரல் ரோடேட்டாலயும் இருக்கும், ஆப்ஜெக்ட்டுக்குள்ள ஒரு காப்பியும் இருக்கும். சின்னதா இருந்தா ஆப்ஜெக்ட்டுக்குள்ளயே வெச்சிக்கும், ஹீப்புக்கு (ஓடும்போது கேட்டு வாங்குற மெமரி) போகாது. 64 பிட்ல ஜிசிசியோட லைப்ரரில அந்த எல்லை 15 பைட், கிளாங்ங்கிற இன்னொரு கம்பைலரோட லைப்ரரில 22. நம்ம 21 பைட் வணக்கம் ஒண்ணுல ஹீப்புக்கு போகும், இன்னொண்ணுல போகாது!

ரஸ்ட்டும் கோவும் கடைசில சீரோ வெக்கிறதில்ல, அட்ரஸ் கூட நீளத்தையும் சேத்து வெச்சிக்கும். அதனால அங்க பைனரிய டம்ப் பண்ணா ஸ்ட்ரிங் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டு ஒரே நீளமான வாக்கியம் மாதிரி தெரியும், பயப்படாதீங்க. பனைமரம் விஷயத்துல முடியாதுன்னு சொன்னேன்ல, தலைப் பக்கம் பங்கு போடுறது, அது இங்க முடியும். பனைமரத்துல முதல் 9 பைட்ட மட்டும் ஸ்லைஸ் பண்ணா அதே அட்ரஸ், நீளம் 9, காப்பியே இல்ல. ஜாவால கிளாஸ் ஃபைலோட கான்ஸ்டன்ட் பூல்ல யூடிஎஃப்-8 மாதிரி ஒரு வடிவத்துல இருக்கும், வணக்கம் அங்க 21 பைட். ஓடும்போது மெமரில யூடிஎஃப்-16 ஆயிடும், 14 பைட்.

பெரிய டெக்ஸ்ட்ட லிட்டரலா வெச்சா ரேம் வீணாகுமா? எவ்ளோ பெருசு வரைக்கும் போகலாம்?

பிசில ரேம் பத்தி கவலப்படாதீங்க. ஓஎஸ் மொத்தமா லோட் பண்ணாது, நீங்க தொடுற பேஜ மட்டும்தான் டிஸ்க்ல இருந்து எடுக்கும், பேஜ் வழக்கமா 4096 பைட். எழுத முடியாத பேஜ்ங்கிறதால அதே புரோகிராம் பத்து தடவ ஓடினாலும் பத்துக்கும் ஒரே காப்பி போதும்.

எல்லை விஷயத்துல, ஸ்டாண்டர்ட் படி கம்பைலர் குறைஞ்சபட்சம் ஏத்துக்க வேண்டியது சி89ல 509 எழுத்து, சி99ல 4095. ஜிசிசி, கிளாங் எல்லாம் அதுக்கு மேல எவ்வளவோ போகும். ஜாவால கண்டிப்பான எல்லை உண்டு, நீளத்த 16 பிட்ல எழுதுறதால 65535 பைட். தமிழுக்கு ஒரு குறி 3 பைட், வகுத்தா 21845 குறி, அதுக்கு மேல போனா கம்பைலரே முடியாதுன்னு சொல்லிடும். அவ்ளோ பெரிய டெக்ஸ்ட்ட தனி ஃபைல்ல வைங்க.

ஆர்டுயினோ யூனோல நாலு மெசேஜ் சேர்த்தேன், போர்டு தானா ரீஸ்டார்ட் ஆகுது. மெசேஜ் ஃப்ளாஷ்லதானே இருக்கும்?

ஃப்ளாஷ்லயும் இருக்கு, ரேம்லயும் இருக்கு, அதான் பிரச்சன. யூனோங்கிறது ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு; ஆர்3 வரைக்கும் வந்த யூனோ சிப்புல ஃப்ளாஷுக்கும் (கரண்ட் போனாலும் அழியாத மெமரி) ரேமுக்கும் தனித்தனி அட்ரஸ் வெளி, சாதாரண பாயிண்டரால ஃப்ளாஷ படிக்க முடியாது. அதனால போர்டு ஆன் ஆனதும் ஸ்டார்ட்அப் கோட் எல்லா லிட்டரலையும் ஃப்ளாஷ்ல இருந்து ரேமுக்கு காப்பி பண்ணிடும். ஃப்ளாஷ் 32 கேபி, ரேம் மொத்தமே 2 கேபி. வணக்கம் நீளத்துல 93 வேற வேற ஸ்ட்ரிங் வெச்சா ரேம் காலி, ஸ்டாக்குக்கு இடமே இல்ல. ஸ்டாக் போய் மத்த டேட்டா மேல ஏறுச்சுன்னா போர்டு என்ன வேணா பண்ணும். இன்னொண்ணு, இங்க மெமரிக்கு பாதுகாப்பும் கிடையாது, நாலாவது கேள்வில சொன்ன கிராஷ் இங்க வராது, லிட்டரல் சத்தமில்லாம மாறிடும்.

பிரிண்ட் பண்ற இடத்துல லிட்டரல எஃப் மேக்ரோக்குள்ள போடுங்க, அது ஃப்ளாஷ்லயே இருந்துக்கும், ஒவ்வொரு பைட்டா ஸ்பெஷல் இன்ஸ்ட்ரக்‌ஷன் வெச்சு படிக்கும். ஒண்ணு மட்டும் கவனிங்க, எஃப் போட்டா மேல சொன்ன மெர்ஜ் நடக்காது, ஒவ்வொண்ணும் தனி அர்ரேவா ஆயிடும். ஒரே மெசேஜ பத்து இடத்துல எஃப் போட்டு எழுதினா ஃப்ளாஷ்ல பத்து காப்பி. அத ஒரு சின்ன ஃபங்ஷனுக்குள்ள ஒரே ஒரு தடவ எழுதி, பத்து இடத்துல இருந்தும் அந்த ஃபங்ஷன கூப்பிடுங்க.